தங்கி நின்று வேலை செய்யும் மருந்து

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. முகத்துவாரத்திலும் கோட்டைக்கல்லாற்றிலும் கடலோடு சேரும் இந்த உவர்நீரில், கண்டல் வேர்களுக்கிடையே இறாலும் களப்பு நண்டும் வளர்கின்றன. வாவியின் கிழக்கே எழுவான்கரைச் சந்தையோ மேற்கே படுவான்கரைச் சந்தையோ, ஒரு கிலோ இறால் வாங்கினால் சட்டிக்குள் போவது ஏறத்தாழப் பாதிதான். தலையும் கோதும் காகத்துக்கும் பூனைக்கும் போகும். மிச்சம் தென்னையடியில் புதைபடும்.

அந்தக் கோதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளைத்தான் இன்று சில ஆய்வுகூடங்களில் புற்றுக்கட்டிக்குள் ஊசியால் ஏற்றிப் பார்க்கிறார்கள். மருந்தைக் கட்டியின் பக்கத்திலேயே பிடித்து வைப்பதும், நோயெதிர்ப்புத் தொகுதி அங்கே வந்து சேர அவகாசம் தருவதும் அதன் வேலை. உடலுக்குள் வைத்தால் தீங்கு செய்யாமல் ஒரு பணியை முடித்துத் தரும் பொருட்களை உயிரியற்பொருட்கள் என்கிறோம். தானாகக் கரைந்துபோகும் தையல் நூலும் செயற்கை இடுப்பு மூட்டும் நமக்குப் பழகிப்போனவை. அதே குடும்பத்தைச் சேர்ந்த பொருட்கள் புற்றுநோய்ச் சிகிச்சைக்குள் எப்படி வந்தன என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

கட்டியை உடல் ஏன் விட்டுவைக்கிறது?

1891இல் நியூயோர்க்கில் வில்லியம் கோலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கழுத்தில் கட்டி முற்றிய நோயாளி ஒருவருக்கு வேண்டுமென்றே பற்றீரியாவை ஊசியேற்றினார். கடும் காய்ச்சலோடு தோல் தொற்று வந்தவர்களில் சிலருக்குக் கட்டி கரைந்துபோனதைப் பழைய வைத்தியக் குறிப்புகளில் அவர் படித்திருந்தார். அந்த நோயாளிக்கும் கட்டி சுருங்கியது. ஏன் சுருங்கியது என்று விளக்க அன்று எவராலும் முடியவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை வந்ததும் கோலியின் முறை ஓரங்கட்டப்பட்டது.

விளக்கத்தின் முக்கியமான பகுதி 1973இல்தான் கிடைத்தது. நியூயோர்க்கின் றொக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் எலியின் மண்ணீரலில் கிளை கிளையாக நீண்ட புதுவகைக் கலம் ஒன்றைக் கண்டார்கள். இந்தக் கிளைக்கலம் தோலிலும் குடலிலும் சுற்றித் திரிந்து, கிடைக்கும் அந்நியப் புரதத் துண்டுகளைப் பொறுக்கும். பிறகு நிணநீர்க் கணுவுக்குப் போய், நோயெதிர்ப்புத் தொகுதியின் தாக்கும் கலங்களான டி கலங்களுக்கு அவற்றைக் காட்டும். எதை எதிர்க்க வேண்டும் என்பதை டி கலம் அங்கேதான் கற்றுக்கொள்கிறது. ஆனால் துண்டைக் காட்டினால் மட்டும் போதாது. ஆபத்து என்ற சமிக்ஞையும் கூடவே போக வேண்டும். அது இல்லாவிட்டால் டி கலம் அந்தத் துண்டைப் பொறுத்துக்கொள்ளவே பழகிவிடும்.

புற்றுக்கட்டியின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. அது நம் சொந்தக் கலத்திலிருந்து பிறந்தது; காய்ச்சல் தராமல், சத்தமில்லாமல் வளர்கிறது. கிளைக்கலம் அதன் துண்டைப் பொறுக்கினாலும் ஆபத்துச் சமிக்ஞை கூட வருவதில்லை. கோலி ஊசியேற்றிய பற்றீரியா கட்டியின் இடத்திலேயே அந்தச் சமிக்ஞையை எழுப்பியது என்பதே இன்றைய விளக்கம்.

ஸ்டைன்மனுக்குக் கணையப் புற்றுநோய் வந்தபோது, தன் சொந்தக் கிளைக்கலங்களைக் கொண்டு தயாரித்த தடுப்பூசிகளைத் தானே ஏற்றிக்கொண்டார். 2011இல் அவருக்கு நொபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் இறந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. அவர் இறந்த செய்தி தேர்வுக் குழுவுக்குத் தெரிந்திருக்கவில்லை. பரிசு அவர் பெயரிலேயே நின்றது.

மருந்து ஓடிவிடுகிறது

ஆபத்துச் சமிக்ஞையை வெளியிலிருந்து மருந்தாகக் கொடுத்தால் என்ன? இன்டர்லூக்கின்-12 என்ற புரதம் டி கலங்களைப் பலமாகத் தூண்டும். எலிகளில் அது கட்டிகளைக் கரைத்தது. 1995இல் அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோயாளிகள் 17 பேருக்கு அதை இரத்தத்தில் ஏற்றினார்கள். 12 பேரை வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டி வந்தது. இருவர் இறந்தார்கள். கட்டிக்குள் எழ வேண்டிய தூண்டுதல் உடல் முழுவதும் எழுந்ததே காரணம்.

டி கலங்களை அடக்கி வைக்கும் மூலக்கூறுகளைத் தடுக்கும் மருந்துகள் பின்னர் வந்தன. 2018இல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் நொபெல் பரிசு கிடைத்தது அந்த வழியைத் திறந்ததற்காகத்தான். தோல் புற்றுநோயிலும் நுரையீரல் புற்றுநோயிலும் அவை பலரின் ஆயுளை நீட்டியிருக்கின்றன. ஆனால் அவையும் உடல் முழுவதும் பரவுபவை. அதனால் சிலருக்குக் குடல், தைரொயிட், ஈரல் எல்லாம் சொந்த டி கலங்களின் தாக்குதலுக்கு ஆளாகின்றன.

மருந்தைக் கட்டிக்குள்ளேயே ஊசியேற்றிவிட்டால் போதாதா என்று தோன்றும். சின்னப் புரதங்கள் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கட்டியிலிருந்து கசிந்து இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. டி கலம் விழித்து, பெருகி, கட்டியைத் தேடி வந்து சேரவோ நாட்கணக்கில் ஆகும். முகத்துவாரத்தில் மணல்திட்டு மூடிக் கிடக்கும் மாதங்களில் வாவி நீர் தங்கி நிற்பதையும், மாரியில் முகத்துவாரம் வெட்டியதும் அதே நீர் கடலுக்கு ஓடிவிடுவதையும் கண்டவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே விளங்கும். மருந்துக்கும் ஒரு மணல்திட்டு வேண்டும். கொஞ்ச நாள் மறித்து வைக்க வேண்டும், மெல்ல மெல்லக் கசிய விட வேண்டும், வேலை முடிந்ததும் தானாகக் கரைய வேண்டும்.

கோதிலிருந்து கைற்றோசான்

1811இல் ஹென்றி பிரக்கோனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் காளானிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். 1823இல் அந்துவான் ஒடியே அதையே வண்டின் ஓட்டில் கண்டு கைற்றின் என்று பெயரிட்டார். மரத்தின் செலுலோசுக்கு அடுத்தபடி இயற்கையில் மிக அதிகமாகக் கிடைக்கும் பல்சக்கரைட்டு இதுதான். இறால், நண்டு, பூச்சி, பூஞ்சை எல்லாம் இதைக் கொண்டே தங்கள் உடலுக்கு உறுதி தேடிக்கொள்கின்றன. மனித உடல் கைற்றினை உண்டாக்குவதில்லை. ஆனால் அதை உடைக்கும் நொதியங்கள் நம்மிடம் உண்டு. பூஞ்சையும் ஒட்டுண்ணியும் உள்ளே நுழைந்தால் அறிந்துகொள்ளும் ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று.

இறால் கோதில் கைற்றினோடு கல்சியம் காபனேற்றும் புரதமும் கலந்திருக்கும். முதலில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் கல்சியம் காபனேற்று நுரைத்துக் கரைந்துபோகும். அடுத்து எரிசோடாக் கரைசல் புரதத்தை எடுக்கும். நிறத்தையும் நீக்கிவிட்டால் மிஞ்சும் வெள்ளைச் செதில்தான் கைற்றின். அதைச் செறிவான எரிசோடாவில் சூடாக்கினால் அசெற்றைல் கூட்டங்கள் கழன்று கைற்றோசான் கிடைக்கும். 1859இல் சார்ல்ஸ் றூஜே முதன்முதலாக இப்படிச் செறிவான காரத்தில் சூடாக்கித்தான் அதைப் பெற்றார். இறாற் கழிவிலிருந்து இதைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை இந்தியாவில் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கித் தொழில் முனைவோருக்கு வழங்கிவருகிறது.

கைற்றின் தண்ணீரில் கரையாது. கைற்றோசானோ வினாகிரி அளவுக்கு மென்மையான அமிலத்தில் கரைந்து பாகுபோல் ஆகும். கரைந்த நிலையில் அது நேரேற்றம் கொண்டிருக்கும். நம் கலங்களின் மேற்பரப்பு எதிரேற்றம் கொண்டது என்பதால் ஈரமான இழையத்தில் அது ஒட்டிக்கொள்ளும். இந்தக் குணத்தை வைத்துத்தான் 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவம் கைற்றோசான் கட்டுத்துணியைக் குருதிப்பெருக்கை நிறுத்தப் பயன்படுத்தத் தொடங்கியது.

கட்டிக்குள் ஒரு பாகு

டேவிட் சஹாரொஃப் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஜெஃப்ரி ஷ்லொமின் குழுவோடு சேர்ந்து, முன்பு இருவரின் உயிரைக் குடித்த அதே இன்டர்லூக்கின்-12ஐக் கைற்றோசான் கரைசலில் கலந்து எலிகளின் கட்டிக்குள் ஏற்றினார். தனியாக ஏற்றிய புரதம் ஓரிரு நாளில் கட்டியை விட்டுப் போனது. பாகோடு சேர்த்து ஏற்றியது ஐந்தாறு நாள் தங்கியது. 2010இல் வெளியான முடிவின்படி, பெருங்குடல், கணையக் கட்டிகள் வளர்ந்திருந்த எலிகளில் 80 முதல் 100 சதவீதமானவற்றில் கட்டி முற்றாக மறைந்தது. குணமான எலிகளுக்கு அதே புற்றுக்கலங்களை மறுபடி ஏற்றியபோதும் அவற்றின் உடல் எதிர்த்து நின்றது. அதே மருந்துதான், அது எங்கே, எவ்வளவு நேரம் இருந்தது என்பது மட்டுமே மாறியிருந்தது.

கைற்றோசான் வெறும் ஏந்தி மட்டும்தானா என்ற கேள்விக்கு 2016இல் டப்ளின் ட்ரினிற்றிக் கல்லூரியின் எட் லவெல் குழு பதில் தந்தது. கைற்றோசான் கிளைக்கலத்துக்குள் போனதும் இழைமணிகளை நெருக்கடிக்குள்ளாக்குகிறது. இழைமணியின் டிஎன்ஏ தன் இடத்தை விட்டுக் குழியவுருவுக்குள் கசிகிறது. வைரசு நுழைந்தால் எச்சரிக்கும் உணரி இந்த டிஎன்ஏயைக் கண்டு கிளம்ப, இன்டர்பெரோன் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரக்கிறது. ஆக, கட்டி தராத ஆபத்துச் சமிக்ஞையைப் பாகே ஓரளவு தந்துவிடுகிறது.

வெய் சென் என்ற ஆய்வாளர் 1990களிலிருந்து வேறொரு வழியில் போனார். லேசர் கதிரால் கட்டியைச் சூடாக்கிச் சிதைத்து, சர்க்கரை இணைத்த கைற்றோசானை அதே இடத்தில் ஏற்றுவது அவர் முறை. சிதைந்த கலங்களிலிருந்து புற்றுப் புரதத் துண்டுகள் கிளைக்கலங்களுக்குக் கிடைக்கும். கைற்றோசான் அவற்றை உசுப்பும். தனியே தடுப்பூசி தயாரிக்க வேண்டியதில்லை, கட்டியே தடுப்பூசியாகிவிடும். அந்தப் பொருளின் மேம்பட்ட வடிவம் இப்போது மனிதர்களில் பரிசோதிக்கப்பட்டு வருகிறது.

கலங்கள் கூடும் இடம்

கட்டிக்குள் ஊசியேற்ற முடியாத நிலையும் உண்டு. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் மூனி அதற்கு வேறு வழி கண்டார். கரையும் தையல் நூல் செய்யும் அதே வகைப் பல்பகுதியத்தில் நுண்துளைகள் நிறைந்த ஒரு வில்லையை அவர் குழு செய்தது. கிளைக்கலங்களை ஈர்க்கும் புரதம், பற்றீரியா டிஎன்ஏயைப் போன்ற ஆபத்துச் சமிக்ஞை, அதே எலியின் கட்டியிலிருந்து எடுத்த சாறு ஆகிய மூன்றையும் அதற்குள் வைத்துத் தோலுக்கடியில் பதித்தார்கள். கிளைக்கலங்கள் வில்லைக்குள் வந்தன, துண்டுகளைப் பொறுக்கின, உசுப்பப்பட்டு நிணநீர்க் கணுவுக்குப் போயின. மற்றபடி 25 நாளில் இறந்துவிடும் எலிகளில் 90 சதவீதமானவை பிழைத்ததாக 2009இல் எழுதினார்கள். 2013இல் தோல் புற்றுநோய் பரவிய மனிதர்களில் இதன் முதற்கட்டப் பரிசோதனை தொடங்கியது. விரல்நகம் அளவான வில்லைதான் மருந்து.

அதே குழு 2015இல் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேற்றுக்கு வந்தது. உறையவைத்துச் செய்த அல்ஜினேற்றுப் பஞ்சை நசுக்கி ஊசிக்குள்ளால் செலுத்தலாம். உள்ளே போனதும் பழைய வடிவத்துக்கு விரியும். சத்திரசிகிச்சை தேவைப்படாது.

அல்ஜினேற்றின் இன்னொரு பயன் விலையோடு தொடர்புடையது. நோயாளியின் டி கலங்களை வெளியே எடுத்து, மரபணு மாற்றி, பெருக்கித் திருப்பி ஏற்றும் கார்-டி சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அதன் விலை 475,000 டொலர். மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 ஒக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்றது. அது அமெரிக்க விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதுவும் நம் நாட்டுக் குடும்பங்களுக்கு எட்டாத தொகைதான். செலவுக்குப் பெரும் காரணம் ஆய்வுகூடத்தில் வாரக்கணக்கில் கலம் வளர்ப்பது. 2022இல் வட கரோலினாவின் யெவ்கெனி ப்ருட்னோ குழு மனிதக் கலங்களையும் மரபணு ஏந்தியையும் அல்ஜினேற்றுப் பஞ்சில் ஊற்றி எலியின் உடலுக்குள் வைத்தது. கலங்கள் உள்ளேயே மாறிப் பெருகின. ஆய்வுகூடத்தில் வாரங்கள் எடுக்கும் ஆயத்தம் ஒரு நாளில் முடிந்தது. இது மனிதரிலும் நடந்தால் விலைப்பட்டியலே மாறும்.

வெட்டிய பிறகு

திண்மக் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் முதற்சிகிச்சை கத்திதான். வெட்டிய இடத்தின் ஓரத்தில் நான்கைந்து கலங்கள் தப்பினாலும் நோய் திரும்பலாம். அந்தக் காயமே மருந்து வைக்க வாய்ப்பான இடம் என்று நினைத்தவர்களில் ஒருவர் ஷென் கு. அவர் குழு காயத்தின் மேல் தெளித்ததும் உறையும் பைபிரின் களியைச் செய்தது. அதற்குள் கல்சியம் காபனேற்றின் நுண்துகள்களும், புற்றுக்கலம் விழுங்குகலங்களிடமிருந்து தப்பப் பயன்படுத்தும் ஒரு புரதத்தைத் தடுக்கும் பிறபொருளெதிரியும் இருந்தன. காயத்தைச் சுற்றியுள்ள அமிலத்தைக் கல்சியம் காபனேற்று உறிஞ்ச, விழுங்குகலங்கள் கட்டிக்கு உதவும் போக்கைக் கைவிட்டுத் தாக்கத் தொடங்கின. இறால் கோதைக் கழுவும்போது அமிலத்தோடு ஊற்றிவிடும் அதே கல்சியம் காபனேற்றுத்தான் இங்கே மருந்தின் பாதி.

வாய்ப் புற்றுநோய்க்கும் ஒரு முயற்சி உண்டு. சிஸ்பிளாற்றின் என்ற பழைய புற்றுநோய் மருந்தை நுண்துகள்களாக்கிக் கைற்றோசான் ஒட்டுத்துணியில் வைத்து வாய்க்குள் கட்டியின் மேலேயே ஒட்டினார்கள். உமிழ்நீரில் நனைந்தாலும் கைற்றோசான் ஒட்டி நிற்கும். சிறு எண்ணிக்கையான நோயாளிகளில் நடந்த பரிசோதனையின் முடிவு 2022இல் வெளிவந்தது. பெரும்பாலானவர்களின் கட்டி ஒரு வாரமளவில் பாதிக்கும் மேல் சுருங்கியது. சிஸ்பிளாற்றின் வழக்கமாகச் சிறுநீரகத்துக்கும் காதுக்கும் செய்யும் கேடு தெரியவில்லை.

வாவிக்கரைக்கு இதில் என்ன?

இலங்கை ஆண்களில் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். காரணமும் ஒளிவு மறைவு இல்லாதது. பாக்கும், புகையிலை சேர்த்தோ சேர்க்காமலோ போடும் வெற்றிலையும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் முதல் வகுப்பில் சேர்த்தது. வெற்றிலைக் கொடியைவிடப் பாக்கும் புகையிலையுமே முதன்மைக் குற்றவாளிகள். சுண்ணாம்பின் காரம் பாக்கின் வேதிப்பொருட்களைக் கிளறிவிட்டு வாய்த்தோலைச் சிதைக்கும் ஒட்சிசன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. களுதாவளை வெற்றிலைக்குப் பெயர்போன ஊர். வட்டாவில் வெற்றிலை வைத்து வரவேற்பது இந்தப் பிரதேசத்தின் மரியாதை. தோணியிலும் வயலிலும் இரவு முழுக்க வேலை செய்பவருக்குப் பாக்கு விழிப்புத் தருகிறது. பழக்கம் எளிதில் விடாததற்கு இத்தனை காரணங்கள் உண்டு. ஆனால் அவை எவையும் வாயைக் காக்கப் போவதில்லை.

கோதைப் பொறுத்தவரை, வாவிக்கரையில் கிடப்பது மருந்து ஆகிவிடாது. கட்டிக்குள் ஏற்றும் கைற்றோசானில் பற்றீரியா நச்சு ஒரு துளியும் இருக்கக் கூடாது. இறால் ஒவ்வாமையைத் தரும் புரதம் முற்றாகப் போயிருக்க வேண்டும். சங்கிலியின் நீளமும் அசெற்றைல் நீங்கிய அளவும் தொகுதிக்குத் தொகுதி ஒத்திருக்க வேண்டும். இதற்குக் கழிவு ஓரிடத்தில் பெருமளவில் சேரும் தொழிற்சாலை முதலில் தேவை. மட்டக்களப்பில் அப்படியொரு தொழில் வளர வரலாறு விடவில்லை. 1987 ஜனவரியில் படுவான்கரை மகிழடித்தீவின் இறால் பண்ணைத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டதை இந்தப் பிரதேசம் மறக்கவில்லை. போர்க்காலத்தில் இறால் வளர்ப்பு வடமேற்கே புத்தளம் பக்கம்தான் பெருகியது. விவசாயத்துக்கும் நீர் சுத்திகரிப்புக்கும் வேண்டிய சாதாரணத் தர கைற்றோசானுக்கு மருத்துவத் தரத்தின் கெடுபிடி இல்லை. அதற்கு வேண்டிய அறிவுக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதற்படியாக அந்தச் சாதாரணத் தரத் தயாரிப்பில் இறங்க இந்த மண்ணுக்கு முடியும், இறங்கவும் வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் சொன்ன வெற்றிகளில் பெரும்பாலானவை எலிகளில் கண்டவை. மனிதரில் இன்னும் பரிசோதனைக் கட்டத்தில் நிற்பவை. எலியின் கட்டி சில வாரங்களில் வளர்க்கப்பட்டது. மனிதக் கட்டியோ ஆண்டுக்கணக்கில் நோயெதிர்ப்பை ஏய்க்கப் பழகியது. ஆனாலும் மருந்தின் வீரியத்தைக் கூட்டுவதைவிட அதைச் சரியான இடத்தில் சரியான காலம் நிறுத்தி வைப்பது பலன் தரும் என்ற பாடம் உறுதியாகிவிட்டது. அதைக் கற்றுத் தந்ததில் இறால் கோதுக்கும் கடற்பாசிக்கும் பங்கு உண்டு.

அந்த மருந்துகள் நம் வைத்தியசாலைகளுக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியம் இருக்கிறது. வெற்றிலை போடும் அப்பாவையோ அம்மம்மாவையோ வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், புண் மூன்று வாரமாகியும் ஆறாமல் இருந்தால், வாய் முன்போலத் திறக்காவிட்டால், நோகவில்லை என்று விட்டுவிடாமல் அரசாங்க வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தொடக்கத்தில் கண்டுபிடித்த வாய்ப் புற்றுநோயைக் குணமாக்க இன்று இருக்கும் சிகிச்சையே பெரும்பாலும் போதும்.